ஒரே அடியில நாலு பயோடேட்டா

பின்னே என்னக்கா! கை வலிக்க வலிக்க டைப் அடிச்சுக் குடுத்தவ நான். இப்ப ஐ.என்.ஏ. மார்க்கெட்ல எதிர்ல பார்த்தா மூணு பசங்களும் முகத்தைத் திருப்பிக்கறானுங்க. அந்தப் பட்டாபி, என்னைப் பார்த்ததும் பேரம் பேசிட்டிருந்த வாழைக்காயை அப்படியே போட்டுட்டு மீன் கடைக்குள்ள பூந்துட்டான். ஐயர் வீட்டுப் பையன்க்கா! மீன் கடைக்குள்ள!

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவத்தோரமா போட்டுக்குங்க. தெரியும்க்கா, இன்னைக்குத்தான் கடைசி நாள், ஸ்கூல் ஆபீஸ் மூடறதுக்குள்ள பயோடேட்டாவைக் கொண்டு போய்க் குடுக்கணும். ஊர்ல மூணு வருஷம் சயின்ஸ் டீச்சரா இருந்துட்டு இங்க மாடி வீட்டுல சும்மா உக்கார முடியுமா? இது போச்சுன்னா அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக் கிடக்கணும். எல்லாம் புரியுது. ஜல்தியா அடிச்சிடறேன்.

ஆனா இதென்னக்கா எழுதிட்டு வந்திருக்கீங்க? "இன்பராணி. பி.எஸ்சி., பி.எட். நாகர்கோவிலில் மூணு வருஷ அனுபவம்." அவ்வளவுதானா? ரேஷன் கார்டுக்குக் கூட இதைவிட அதிகமா எழுதுவாங்களே! இது டெல்லிக்கா. இங்கத்துப் பொண்ணுங்க பயோடேட்டாவைப் பார்த்திருக்கீங்களா? டென்னிஸ்ங்கறா, கதக்ங்கறா, குதிரைச் சவாரிங்கறா... குதிரை எங்கடி இருக்குன்னு எவனாவது கேக்கறானா?

ஒரு நிமிஷம்... பையா, ருகோ! ஆதா லிட்டர்! ...பால்காரன்க்கா. இவனை விட்டா அம்மா என்னைத் தொலைச்சிடுவா. அடுப்புல வச்சிட்டு வந்துடறேன். பொங்கற மாதிரி சத்தம் கேட்டா சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஹாங்... அந்த மூணு பேர். நேரு பிளேஸ்ல ஒரு கம்பெனி, ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலை, நாலு இடம். நாலு! நான், பட்டாபி, ஜோதிலிங்கம், தானியேல். சரியா நாலு பேர், நம்ம கிட்வாய் நகரே மொத்தமா உள்ள பூந்துடலாம்னு எனக்கு ஒரே குஷி. தனித்தனியா அடிச்சா விடிஞ்சுடும். அதனால தாளுக்கு நடுவுல கார்பனை வச்சு, ஒரே அடி! நாலு பயோடேட்டா! பேர், அப்பா பேர், பொறந்த தேதி, இதுக்கு மட்டும் இடம் விட்டு அப்புறமா தனித்தனியா அடிச்சேன். எப்படி மூளை?

இன்டர்வியூல நடுவுல ஒரு பெரிய மீசை. ஜோதிலிங்கத்தைக் கேட்டிருக்கார், "காலேஜ் ஹாக்கி டீம் கேப்டனா?" இவன் "யெஸ் சார்"னுட்டான். அடுத்தது தானியேல். அவனும் கேப்டன். அப்புறம் பட்டாபி. சோடாபுட்டிக் கண்ணாடிக்கா, பந்து தானா வந்து மேல பட்டாத்தான் அவனுக்குப் பந்துன்னே தெரியும். அவனும் கேப்டன்! கடைசியா நான் போறேன். அதே காலேஜ், அதே வருஷம். மனுஷன் பேனாவைக் கீழ வச்சுட்டு, "ஏம்மா, உங்க டீம்ல மீதி ஏழு பேரும் வெளியில நிக்கறாங்களா?"ங்கறார்.

அதோட விட்டாரா? "அது லேடீஸ் காலேஜ் ஆச்சே, இந்த மூணு பேருக்கும் எப்படி அட்மிஷன் கிடைச்சுது?"ன்னு வேற.

சிரிக்காதீங்கக்கா! நான் படிச்ச காலேஜ் பேரைத்தானே நான் அடிக்க முடியும்? குடுத்ததை வாங்கினவனுங்க ஒரு தடவை படிச்சுப் பார்க்க வேண்டாம்? பட்டதாரிங்கதானே? சும்மா கையெழுத்தைப் போட்டுட்டு, இப்ப அம்சவேணி கெடுத்துட்டா, அம்சவேணி கெடுத்துட்டான்னு காலனி முழுக்கப் பாட்டு!

கீழ் வீட்டு பாலசுப்ரமணியம் மாமா வேற. கெஜட்டட் ஆபீசராச்சேன்னு ரெஃபரன்ஸ்ல அவர் பேரைப் போட்டேன். கம்பெனியில விசாரிச்சாங்களாம். நாலு பேருக்கும் ஒரே பதில்: "நல்ல குடும்பத்துப் பொண்ணு, சமையல் நல்லா வரும்." தானியேலுக்கும்!

சரி சரி, கடிகாரத்தையே பார்க்காதீங்க, அடிச்சுட்டுத்தானே இருக்கேன். உங்களுக்குப் பரதநாட்டியம் போட்டிருக்கேன். ஆடத் தெரியாதா? சயின்ஸ் கிளாஸ்ல யாருக்கா ஆடச் சொல்லப் போறா? சர்ச்சுல பாடுவீங்கள்ல, அதைக் கர்நாடக சங்கீதம்னு ஆக்கிட்டேன். மூணு வருஷத்தை ஆறா ஆக்கட்டுமா? வேண்டாமா? அஞ்சு? ஐயோ, உங்களை மாதிரி ஆளுங்களை வச்சுக்கிட்டு... பால்! பால் பொங்கிடுச்சுக்கா! சொல்லச் சொன்னேன்ல!

...அடுப்பெல்லாம் பால். அம்மா வரட்டும், இருக்கு.

என்னக்கா, எந்திரிச்சு மிஷினைக் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறீங்க? ஓ, அதுவா. ஆமா, அடியில ஒரு கார்பன் வச்சிருக்கேன். அது எனக்கு. எந்த ஸ்கூலா? அதே ஸ்கூலுக்குத்தான், வேற எதுக்கு? நானும் எத்தனை நாளைக்கு வீட்டுல பாலைப் பொங்க விட்டுட்டு இருக்கறது? சயின்ஸ் படிக்கலைதான், நான் ஹிஸ்டரி. பி.எட்.டும் கிடையாது. ஆனா உங்களுக்கு இருக்கே! மேல அடிச்சா அது தானா கீழ விழுது, நான் என்ன பண்ணட்டும்? இன்டர்வியூவுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போகலாம்க்கா, பேச்சுத் துணையாச்சு...

அக்கா! ஏன் உருவறீங்க, இன்னும் முடியலையே! ஐயோ, கிழிக்காதீங்க, அது என்னோடதும் சேர்ந்ததுக்கா! ...எங்க ஓடறீங்க? கையில எழுதின அந்தப் பேப்பரையா கொண்டு போறீங்க? நில்லுங்க, இன்பராணியக்கா! அதை எவன் படிப்பான்? அதுல வெறும் நீங்க மட்டும்தானே இருக்கீங்க!