செவுள் பார்க்காமல் வாங்கியது

"ஹலோ... ஹலோ, ரிஸ்லா? ஓம், உன்ட நானாதான். கேக்குதா அந்தச் சத்தம்?... போட் சத்தம் இல்லடி. உன்ட புருஷன் அர்ஷாக். ஐஸ் அறைக்குள்ள தள்ளிப் பூட்டியிருக்கன். கதவை உதைக்கிறான்."

தங்கைக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று நஸ்ரி போனை இரும்புக் கதவில் ஒட்டிப் பிடித்தான். மற்றக் கையின் முட்டியில் அர்ஷாக்கின் பல் கிழித்த இடம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் கலையாமல் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"கத்தாத. கத்தாத எண்டுறன்!... ஓம், அடிச்சனான். வாயிலதான் அடிச்சனான். ரெண்டு போட்டுக்கும் புது எஞ்சின் வாங்க வச்ச காசுடி! போன மாசம் கொட்டியாரக் குடாவில எஞ்சின் நிண்டு வாப்பாவைப் போட்டோட கட்டியிழுத்து வந்தது மறந்திட்டியா?... ஏஐ கொம்பனி, ஏறும் ஏறும் எண்டு முழுக்க அந்த ஷேரில கொட்டினான். இப்ப நாலில ஒரு பங்கு கூட மிஞ்சேல்ல... என்ன? எல்லாருக்கும் விழுந்ததா? எல்லாரும் நாசமாப் போகட்டும், எனக்கென்ன! அந்தக் கொம்பனி இண்டைவரைக்கும் ஒரு சதம் லாபம் காணேல்லயாம். லாபமே இல்லாததுக்கு அவ்வளவு விலை!... ஓம். ஓம், போட முதல் என்னட்டக் கேட்டவன்தான்..."

உள்ளே உதை நின்றது. இரும்பில் இரும்பு இடிக்கத் தொடங்கியது.

"... 'ஹலாலா' எண்டு கேட்டனான். வட்டி இல்ல, சாராயம் இல்ல எண்டான். பிஸ்மி சொல்லிப் போடு எண்டனான்... இல்ல, விலை சரியோ எண்டு கேக்கேல்ல. போதுமா? ஏலத்தில ஒரு சூரை மீனுக்கும் செவுளைத் தூக்கிப் பாக்காம வாய் திறக்கமாட்டன், இதுக்கு மட்டும்... என்னடி? விலை விழத் தொடங்கினவுடனேயே வித்திடுவம் எண்டவனா?... ம்... ஓம். நான்தான் மறிச்சனான். மலிஞ்சிருக்கு, இன்னும் வாங்கு எண்டனான். நாறின மீனும் பின்னேரம் மலியும்தானே, அது இப்பதான் விளங்குது!... அழாத. சாகமாட்டான். திறக்கிறன், திறப்பு கையிலதான்... மச்சான்! அர்ஷாக்! திறக்கிறன், இடியாத!"

கதவு விலகியதும் குளிர் புகைபோல வெளியே வந்தது. அதற்குள் அர்ஷாக் நின்றான். உதடு கிழிந்து தொங்கியது. கையில் ஐஸ் உடைக்கும் கூர்க்கம்பி. அது உள்ளே கிடந்தது நஸ்ரியின் நினைவிலேயே இருக்கவில்லை.

"... வந்திட்டான். ஓம், உயிரோடதான்... மச்சான், கம்பியைக் கீழ வை. பிழை என்னிலயும்தான். வை எண்டுறன்... ரிஸ்லா, ஸ்பீக்கரில போடுறன், நீ கதை. நீ சொன்னாக் கேப்பான். கெதியாக் கதைடி... அர்ஷாக்! டேய்—"

போன் மீன் கழுவின தண்ணீரில் விழுந்து அணைந்தது.