நூறு லிட்டர் வரவேண்டிய குழாய்

பம்புக்காரர்: நாலு நிமிஷம் மாப்ள. இப்பத்தான் பீப்பாய் நிறைஞ்சுது.

ஃபிட்டர்: ரெண்டுல நிறையணும் மச்சான்! இருநூறு லிட்டர் பீப்பாய்... பம்பு பக்கம் அழுத்தம் நாலு, உலைப் பக்கம் ஒண்ணு. வித்தியாசம் மூணு. இந்தக் குழாய்க்கு நிமிஷத்துக்கு நூறு லிட்டர் வந்தே ஆகணும்.

பம்புக்காரர்: வந்தது அம்பது. உன் கணக்கு...

ஃபிட்டர்: என் கணக்கு லட்சணம் ஊருக்கே தெரியும். வாத்தியார் என் முதுகுலதான் கணக்கு போட்டார். இருபது வருஷம் குழாய் சுமந்த தோள்... அதுக்கு மேல ஒரு தலை இருக்கிறதே தொப்பி மாட்டத்தான்.

பம்புக்காரர்: என் கடிகாரம் மட்டும் என்னவாம்? என்னை மாதிரியே. நடுவுல நின்னு தூங்கும்.

ஃபிட்டர்: அப்ப தப்பு நம்ம ரெண்டு பேர் மேல. குழாய் பாவம்.

பம்புக்காரர்: பின்ன? நாம சேர்ந்து மாட்டின குழாய். அதுல என்ன இருக்கப்போகுது... பம்பை இன்னும் கொஞ்சம் முடுக்கவா?

ஃபிட்டர்: தண்ணி ரெண்டு மடங்கு வரணும்னா வித்தியாசம் நாலு மடங்கு வேணும். பன்னெண்டு! உன் பம்பு வாயைப் பொளந்துடும்.

பம்புக்காரர்: இவ்வளவு தெரிஞ்சவன் கணக்குல தப்பு விடுவியா?

ஃபிட்டர்: ...விடுவேன். ஜோரா விடுவேன்.

பம்புக்காரர்: இன்ஜினீயர் வர்ற நேரமாச்சு. லைன் தேறலைன்னா உன் நிரந்தர வேலை...

ஃபிட்டர்: உன் தங்கச்சிகிட்ட கிடைச்சாச்சுன்னு நேத்தே அளந்துட்டேன். அவ தெரு முழுக்கச் சொல்லிட்டா.

பம்புக்காரர்: நூறுன்னு எழுதிடு. நான் சாட்சிக் கையெழுத்து போடறேன்.

ஃபிட்டர்: எழுதிடலாம்... உலைக் கதவைக் குளிர வைக்கிற தண்ணி மச்சான். பாதிதான் வந்தா, கதவோரம் நிக்கிறவன் தோல் உரிஞ்சிடும்.

பம்புக்காரர்: அப்ப பேனாவைக் கீழ வை.

ஃபிட்டர்: கணக்கு சரி. நான்தான் தப்பு. மாட்டறப்ப மண்ணு விழக்கூடாதுன்னு குழாய் வாயில என் பழைய சட்டையை அடைச்சேன். எடுக்காமலே போல்ட்டை முடுக்கிட்டேன். சிரிச்சுத் தொலை.

பம்புக்காரர்: சிரிப்பு வரலை. எந்த முனை?

ஃபிட்டர்: பம்பு பக்கம். வளைவுல சிக்கியிருக்கும். இன்ஜினீயர் முன்னாலயே பிரிக்கிறேன்... வேலை போனா போகட்டும்.

பம்புக்காரர்: ரெண்டு ஸ்பானரா எடு மாப்ள... உலைப் பக்க முனையில என் பனியன் இருக்கு.