மணியனுக்கு வைத்த பத்தியம்

முயலுக்குக் கேரட்டைவிட மல்லித்தழைதான் பிடிக்கும், மேடம். பலருக்கு இது தெரியாது. கேரட்டை நீட்டிவிட்டுப் பெரிய உபசாரம் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

என் மகள் லிஜி மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற ஆண் முயல் அது. மணியன் என்று பேர் வைத்தாள். பிறகு அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. எங்கள் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒருவர் கல்ஃபுக்குப் போகிறார் என்றால், அங்கே இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஊரே கருவாடும் முந்திரிக்கொத்தும் கட்டிக் கொண்டுவந்துவிடும். வீடு முழுக்கப் பார்சல். மணியன் அத்தனையின் மேலும் மூத்திரம் பீய்ச்சினான். என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கடித்தான். எனக்கு அது தொந்தரவாகவே இல்லை. லிஜிக்குத்தான் பொறுக்கவில்லை.

“நான் போனப்பொறவு நீ தனியா கெடந்து இவன்கூட மல்லுக்கட்டாண்டாம்மா. ஆப்பரேசன் செஞ்சா அடங்கிருவான். ஒனக்கொரு தொணையாட்டு கெடப்பான்” என்றாள்.

எனக்குத் துணை ஒரு முயல். சிரிப்புத்தான் வந்தது. அவள் அப்பா சர்க்கரை வியாதியில் போனபிறகு அவளை ஒற்றையாக வளர்த்தவள் நான். பெட்டியில் துணி அடுக்கும்போது அவள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் வைத்து மணியனுக்கு விதை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஒரு வேளைகூடப் பட்டினி போடக்கூடாது, பச்சைத் தழை எந்நேரமும் முன்னால் கிடக்க வேண்டும், குடல் நின்றால் முயல் பிழைக்காது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். வலிக்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார். இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் லிஜி டூட்டிக்குப் போனாள்.

எங்கள் பக்கம் கத்தி பட்ட உடம்புக்குப் பத்தியம் உண்டு. பச்சையாக எதுவும் ஆகாது, கஞ்சித்தண்ணீர்தான். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோதும் மாமியார் அப்படித்தான் வைத்திருந்தாள், நான் எழுந்து நடக்கவில்லையா? தழையையெல்லாம் எடுத்துவிட்டுக் கஞ்சித்தண்ணீரை வைத்தேன். அது அறியாமை. அந்த ஒன்றுக்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

லிஜி திரும்பி வந்தபோது அவன் அடுக்களை மூலையில் சுவரைப் பார்த்துக் குறுகி உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. ஒரு புழுக்கைகூடப் போடவில்லை. சோற்றில் கல் கடிபடுவதுபோல நறநறவென்று ஒரு சத்தம். எதையோ தின்கிறான் என்று நினைத்தேன்.

“தின்னல்லம்மா, பல்லக் கடிக்கான். முயலுக்கு நொந்தா சத்தம்போட்டுக் கரையத் தெரியாது” என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவனை இப்படிப் போட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று பயணத்தைத் தள்ளிவைத்தாள். பார்சல் கொடுத்தவர்கள் வந்து கருவாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நாட்களை நான் எப்படிச் சொல்வேன்? லிஜி லீவு போட்டுவிட்டு அடுக்களையிலேயே பாய் விரித்துக் கிடந்தாள். தழையை அரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அவன் வாய் ஓரமாகக் கொடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு மீன்குழம்பும் சோறும் பிசைந்து ஊட்டுவேன். சின்னப் பிள்ளைபோல வாயைத் திறப்பாள்.

ஒருநாள் காலையில் மணியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு மல்லித்தண்டைத் தானாகவே கடித்தான். லிஜி கைதட்டினாள். உடனே போனை எடுத்து, அடுத்த வாரம் வந்துவிடுகிறேன் என்று ஏஜென்சிக்குச் சொன்னாள். மறுநாளே டூட்டிக்கும் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குத்தான் சொட்டு மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அவள் பஸ் ஏறியதும் தழையை எடுத்துவிடுவேன், வரும் நேரம் பார்த்துத் திரும்ப வைப்பேன். மணியன் கோபப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து என் காலில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தான். பல் நறநறப்பது என் கால் எலும்பில் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. தடவிக்கொடுத்தேன். தழை கொடுக்கவில்லை.

அவன் அவ்வளவு சீக்கிரம் சாவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பலாமரத்தடியில் புதைத்தோம். நானும் அழுதேன் மேடம், பொய்யழுகை இல்லை. லிஜி கையைக் கழுவிக்கொண்டு வந்து, “இனி எனக்குப் போக ஒரு தடையும் இல்லம்மா” என்றாள்.

பெத்த மனம் பித்து என்பார்கள். எனக்குப் பித்து ஒன்றும் இல்லை, தெளிவாகத்தான் யோசித்தேன். அவள் அப்பா விட்டுப்போன சர்க்கரை மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. கஞ்சியில் கலந்தேன். கொல்வதற்கு இல்லை. எழுந்து நடக்காமல் இருந்தால் போதும்.

வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பாயில் படுத்துவிட்டாள். பயணம் மறுபடியும் தள்ளிப்போனது. பக்கத்து வீட்டு ஓமனா ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள். பெற்றவள் பார்ப்பதுபோல ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்ப்பார்களா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்பூனில் கொடுத்தால் கஞ்சி வழிந்தது. அதனால் அந்தச் சிரிஞ்சைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

லிஜி சிரிஞ்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எம்மா, மணியனுக்கும் நீதானா?”

நான் பொய் சொல்லவில்லை. “வாயத் தொற மக்கா” என்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் தவழ்ந்தே வாசலுக்கு வந்து ஓமனாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த உடம்போடு எப்படி வந்தாளோ தெரியவில்லை. ஓமனா ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய்விட்டாள்.

நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். முயலைக் கொன்றது நான். மகளுக்குக் கஞ்சியில் மாத்திரை கொடுத்தது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நம்பமாட்டேன். காலையில் லிஜி தானாகவே இட்லி சாப்பிட்டாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தாள், நன்றாகத் தேறிவிட்டாள் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொல்கிறாள். அது பொய், மேடம். தேறியிருந்தால் அவள் முதலில் என்னைத் தேடித்தானே வந்திருப்பாள்.