மழித்த முகத்தோடு மைதானத்துக்கு வந்தவன்

இந்தத் தீயணைப்பு நிலைய மண்டபத்திலே, தாடிக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு தலைமை வீற்றிருக்கும் தீயணைப்புத் தலைவர் கிளெம் ஹட்சன் அவர்களே! ஆற்றோரத்து ஆலைகளிலிருந்து கை கழுவியும் கழுவாமலும் ஓடிவந்திருக்கும் பெரியோர்களே! ஆப்பிள் பை சுட்டு எடுத்துவந்து, நான் பேசி முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று காவல் காக்கும் தாய்மார்களே! பள்ளத்தாக்கு லீக்கின் வெற்றிக்கொடியை நம் ஆஷ்டன் மில்ஸுக்கு அள்ளிவந்த நீர்நாய்கள் அணியின் சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் முடிதிருத்தும் கார்மைன் டெல்வெக்கியோவின் வணக்கம்!

என்ன ஐயா பின்வரிசையில்? கத்தியைப் பற்றிப் பேசவேண்டுமா? பேசுகிறேன், அதற்குத்தானே கையோடு கொண்டுவந்திருக்கிறேன்!

ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நம் பேஸ்பால் அணி தொட்டதெல்லாம் துலங்கிய மாதம். வென்றுகொண்டிருக்கும்போது சவரம் செய்யக்கூடாதென்று ஆட்டக்காரர்கள் தாடி வளர்த்தார்கள். அவர்கள் வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆலைக்காரர் வளர்த்தார், அஞ்சல்காரர் வளர்த்தார், பாதிரியாரும் வளர்த்தார். வளராதது என் வியாபாரம் ஒன்றுதான்! என் மனைவி கான்செட்டா கேட்டாள்: "ஊரே ஜெயிக்குதுன்னு நீங்களும் சேந்து குதிக்கிறீங்களே, கடை நாற்காலியில ஈ உக்காந்திருக்கு. அதுக்குச் சவரம் பண்ணுவீங்களா?"

அப்போதுதான் வந்தான் ஹார்லன் பிக்கெட், நம் அணியின் தலைசிறந்த மட்டைக்காரன்.

"அக்கா கல்யாணம்ணே. தாடியோட வந்தா சர்ச் வாசல்லயே நிறுத்திடுவேன்னு சொல்லிட்டா."

மழித்தேன். மறுநாள் தோற்றோம். அதற்கு மறுநாளும் தோற்றோம். ஹார்லன் மட்டையை வீசினான். காற்று அடிபட்டது, பந்து அடிபடவில்லை! நம் முன்னிலை கரைந்தது, லோகன்பர்க் அணி நம்மைத் தாண்டியது. பழி யார் மேல் விழுந்தது? பந்து வீசியவர் மேலா? பயிற்சியாளர் ரீகர் மேலா? இல்லை தோழர்களே, இந்தக் கத்தி மேல் விழுந்தது! என் கடையைக் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவினார்கள். தலைமுடி வெட்டிக்கொள்ளக்கூட அடுத்த ஊருக்குப் போனார்கள். தலைவர் அவர்களே, குனியாதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்! கடையை விற்றுவிட்டு கிளீவ்லாந்தில் இருக்கும் மைத்துனனோடு போய்ச் சேர்ந்துகொள்வதென்று நானும் கான்செட்டாவும் முடிவே செய்துவிட்டோம். இந்த ஊரை விட்டுப் போவதை நினைத்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அணி அழுதுகொண்டிருக்கவில்லை. ரீகர் ஹார்லனை ஆட்டத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார், மற்றவர்களை விடியற்காலையில் ஓட வைத்தார். ஒரு வெற்றி வந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. தட்டுத் தடுமாறி, விழுந்து எழுந்து, கடைசி நாளன்று லோகன்பர்க்கோடு சமமாக வந்து நின்றோம். அன்றைய ஆட்டத்தில் வென்றவருக்கே கொடி!

அன்று காலை, அரைகுறைத் தாடியோடு ஹார்லன் என் கடைக்குள் நுழைந்தான்.

"சவரம் பண்ணுங்கண்ணே."

"உனக்கென்ன பைத்தியமா? ஊரு முதல்ல உன்னக் கொல்லும், அப்புறம் என்னக் கொல்லும்!"

"பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளத் திருப்பித் தொலைச்சது நானு. பேரு கெட்டது உங்களுக்கு. எனக்குத் தூக்கமே வரலண்ணே. ரீகர் இன்னைக்கு என்னைய எறக்குனா, இந்த மொகத்தோடதான் எறங்குவேன்."

"அடிக்கலேன்னா?"

"ரெண்டு பேரும் சேந்தே கிளீவ்லாந்து போவோம்."

மழித்தேன். ஒரு கீறல் விழவில்லை!

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். ரன்னுக்கு ஓடத் தயாராகத் தளத்தில் நிற்கிறார் நம் ஆள் ஒருவர், இன்னும் ஒருவர் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. ரீகர் பெஞ்சைப் பார்த்தார். "போடா" என்றார். ஹார்லன் நடந்துவந்து தொப்பியைக் கழற்றினான். முட்டைபோல் பளபளத்தது முகம்! எப்படிக் கத்தினீர்கள் நீங்கள்! "தாடி எங்கடா?" "கார்மைன் கெடுத்தான்டா!" முதல் வீச்சைத் தவறவிட்டான். இரண்டாவதையும் விட்டான். மூன்றாவதையும் விட்டால் அவுட்! என் மனைவி என் சட்டையைப் பிடித்துக் கிழித்தே விட்டாள். மூன்றாவது பந்து வந்தது. தோள் காத்திருந்தது. மட்டை பேசியது! பறந்தது பந்து! வேலியைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, ஆற்றில் போய் விழுந்தது பந்து! ரன் இரண்டு, வெற்றி நமக்கு! கத்திய வாய்கள் கூத்தாடின, காறிய தொண்டைகள் பாடின!

வென்றது தாடியா? வென்றது கத்தியா? சொல்லுங்கள் பெரியோர்களே! தோற்ற நாளில் அடுத்தவன் தலையில் பழியைத் தள்ளுவது எவ்வளவு சுலபம்! ஊரே வேறொருவன் மேல் சுமத்திவிட்ட பழியை, "இது என்னுடையது" என்று வந்து வாங்கிக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? அவனுக்கு வந்தது. அந்த நெஞ்சு வென்றது! ஹார்லன், எழுந்து நில்லப்பா, இந்த ஊர் உன்னை நன்றாகப் பார்க்கட்டும்!

என்ன சத்தம் அங்கே? "கத்திதான் ஜெயிச்சது" என்கிறீர்களா? இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசியதெல்லாம் வீணா? சரி, சரி. நான் என்ன வேண்டாமென்றா சொல்லப்போகிறேன்? வாரம் இருமுறை வாருங்கள், அடுத்த ஆண்டும் கொடி நமக்கே!

வாய்ப்பளித்த மன்றத்துக்கும், பொறுத்திருந்த ஆப்பிள் பைக்கும், கிளீவ்லாந்துக்குப் போகவிடாத தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்! கான்செட்டா, வெந்நீர் கொண்டுவா. தலைவர் அவர்களே, தாடையைக் கொஞ்சம் தூக்குங்கள்.