பன்னெண்டாம் பக்கமும் இருநூறாம் பக்கமும்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து வந்த இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள், பஸ்ஸில் போட்ட பாட்டையும் மீறிச் சொன்னாள்:

"அந்தக் கம்ப்யூட்டர் மொழிய உண்டாக்குனவங்களுக்கே ஈமெயில் போட்டுட்டேன், ஒங்க புத்தகம் தப்புன்னு."

"அடிப்பாவி! என்னா தப்பு?"

"'அரே'ன்னா கம்ப்யூட்டர்ல வரிசையா சாமான் வக்கிற எடம், நம்ம தோட்டத்து லய வீட்டு வரிச மாதிரின்னு வச்சுக்க. கட்டுன காம்பரா கட்டுனதுதான், கூட்ட ஏலாது. பன்னெண்டாம் பக்கத்துல அப்படித்தான் இருக்கு. இருநூறாம் பக்கத்துல, வேணும்கிறப்ப கூட்டிக்கலாமாம்."

"காம்பரா கூட்ட எந்தத் தோட்டத்துத் தொரை விட்டாரு?"

"அதத்தான் கேட்டேன். நீங்க சொல்றது சரி, அடுத்த பதிப்புல திருத்துறோம்னு பதில் வந்துருச்சு."

"நம்ம வகுப்பு சேர்கிட்ட காட்டுனியா? பன்னெண்டாம் பக்கப்படி எழுதுனேன்னுதானே ஒன்ன ஃபெயிலாக்குனாரு?"

"காட்டுனேன். அடுத்த பதிப்பு வரட்டும்னாரு."

"அப்புறம்?"

"அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் சரின்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க சேர்னு கேட்டேன். பேனாவ எடுத்தாரு. ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. என் பேப்பர்ல மார்க்கப் போட்டுட்டாரு."