கருப்பசாமிக்கு நேர்ந்த சேவல்

கிளிமூக்குச் சேவலைக் குழம்பு வைக்கக் கூடாது சார். பாவம் என்பதற்காக இல்லை. கறி லேசில் வேகாது. குழம்புக்குச் சிறுவிடைக் கோழி இருக்கிறது. கிளிமூக்கு, அந்த வளைந்த மூக்கையும் விசிறியாய் விரியும் வாலையும் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு. கலப்பு விழாமல் ஜோடி பார்த்துப் பார்த்துச் சேர்த்து நான் எடுத்த வெள்ளைச் சேவல் அது. கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் அதைத்தான் வளர்த்தேன்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் தீப்பிடித்தபோது என் தம்பி புகழேந்தியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. மதுரை ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஊட்டிவிட்டேன், கழுவிவிட்டேன், முகம் சுளித்ததில்லை. ஊரில் இருந்த அம்மா, தம்பி பிழைத்தால் என் வெள்ளைச் சேவலை அறுப்பதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வயிறெரிந்தது.

தம்பி வீடு திரும்பியதும் சொன்னாள். வேறு நாலு நல்ல சேவல் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"ஏலே, நேந்தத மாத்துனா சாமி சும்மா விடுமா? ஒரு உசுருக்கு ஒரு உசுருலே."

எனக்கும் சாமி பயம் உண்டு. நானே தூக்கிக்கொண்டு போனேன். சேவல் கண்காட்சிக்குப் போவதாக நினைத்து அது என் கையில் சமத்தாக உட்கார்ந்திருந்தது.

அறுத்துக் கோயிலிலேயே சமைத்தார்கள். தம்பிக்கு விரல் மடங்காது, நான்தான் ஊட்டினேன். மென்று பார்த்து இலையில் துப்பினான்.

"என்னண்ணே, ரப்பர் கணக்கா இருக்கு. இதுக்கா அம்புட்டு அழுதீக?"

சிரித்தான். அம்மாவும் சிரித்தாள்.

சேவல் துடிக்காமல் இருக்க, இறக்கையை மடக்கி முழங்காலுக்குள் இடுக்கிக் கண்ணைப் பொத்த வேண்டும். தம்பியையும் அப்படித்தான் பிடித்தேன். வெந்த கையால் என்னைத் தள்ள முடியவில்லை. அதே அரிவாள்தான். சேவலுக்கு ஒரு வெட்டு போதும். மனிதக் கழுத்துக்குப் போதவில்லை. அம்மா குறுக்கே விழுந்தாள். அவளும் ரொம்ப நேரம் கஷ்டப்படவில்லை.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள் சார். தம்பி என்றால் எனக்கு உயிர். சாமி கொடுத்ததைச் சாமியிடமே கொடுத்து, என்னுடையதைத் திருப்பிக் கேட்டேன், அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் வரும்வரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கு இரண்டாகவே கொடுத்துவிட்டேன். சேவல்தான் இன்னும் வரவில்லை.