சோறு அள்ளுற ஆளு

இல்ல சார், உக்காரல. நின்னுகிட்டே சொல்லிடுறேன். உக்காந்தா எனக்கு வாய் ஒட்டிக்கும். தண்ணியும் வேணாம் சார். புது மாஸ்டரு நாளைக்குச் சேரப்போறாருன்னு சொன்னீங்க, கேட்டுகிட்டேன். பேச்சு வராத ஆளை வச்சுகிட்டு டிரைவிங் ஸ்கூல் நடத்த முடியாதுன்னீங்க, அதையும் கேட்டுகிட்டேன். உங்க மேல தப்பு இல்ல. பிரேக்கு பிரேக்குன்னு கத்த வேண்டிய ஆளு சும்மா வாயைத் திறந்து காத்தை விட்டா வண்டி நிக்குமா?

ஆனா எங்க வீட்டுக்காரரு பதினோரு வருஷம் உங்க வண்டியில உக்காந்தவரு. அதுக்காக எனக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க. அப்புறம் நாளைக்கு வர்றவரைச் சேர்க்கிறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

என்ன சார்? ஆமா, நான்தான் பேசுறேன். எனக்கே ஆச்சரியமாதான் இருக்கு. கல்யாணம் ஆகி ஆறு வருஷம். எங்க வீட்டுல பேசுற வேலை மொத்தமும் அவரோடதுதான். எனக்கும் சேர்த்து அவரே பேசிடுவாரு. கடைக்காரன் என்னைப் பார்த்து என்ன வேணும்னு கேட்டா நான் அவரைப் பார்ப்பேன், அவரு பருப்பு அரை கிலோம்பாரு. உளுந்து வேணும்னு இருந்தாக்கூட சரின்னு பருப்பை வாங்கிட்டு வந்துடுவேன்.

அவரு குரலு உங்களுக்குத் தெரியாததா? அந்த பேங்க் மேடம், இவரு கத்துன கத்துல நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு, இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டாங்களே, நீங்கதானே போய் வண்டியை எடுத்துட்டு வந்தீங்க. சிரிக்காதீங்க சார். அன்னைக்கு நீங்க சிரிக்கலைன்னு அவரு சொன்னாரு.

அந்த வாயிதான் ஒரே காலையில பூட்டிகிச்சு. மூளையில பேச்சு இருக்குற எடத்துல மட்டும் சின்னதா ஒரு அடைப்பாம். கை கால் எல்லாம் கல்லு மாதிரி உறுதியா இருக்கு, வண்டியில உக்காரலாம்னு டாக்டரு சீட்டே குடுத்திருக்காரு. நாம சொல்றது அத்தனையும் புரியுது. திருப்பிச் சொல்ல வர்றப்போதான் சொல்லு கைக்குச் சிக்க மாட்டேங்குது. எழுத்தும் அப்படித்தான், பார்ப்பாரு, தெரிஞ்சவங்க பேரு மறந்துபோன மாதிரி முழிப்பாரு.

ஆஸ்பத்திரியில பேச்சு சொல்லித் தர்ற மேடம் ஒரு பட அட்டை குடுத்தாங்க. எது வேணுமோ அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டணும். நல்ல விஷயம்தான் சார், ஆனா அதுல இருக்குற அம்மா படத்துக்கு மஞ்ச முடி, கழுத்துல முத்து மாலை. எங்க அத்தையைக் கூப்பிடணும்னா அந்தம்மாவைத் தொடணுமாம். இவரு ஒரு பார்வை பார்த்தாரு. அட்டை கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

அப்பதான் அவரு பையில இருந்த உங்க ரோடு சிக்னல் அட்டை கண்ணுல பட்டுச்சு. பார்த்ததும் அவரு முகம் மாறிடுச்சு. ஒவ்வொரு படமா தடவுறாரு. ஆகா, இது இவருக்குப் புடிச்சிருக்குன்னு கத்தரிக்கோலை எடுத்தேன். படத்தை மட்டும் தனித்தனியா வெட்டி ஓட்டை போட்டு வளையத்துல கோத்துட்டேன். கீழ இருந்த எழுத்தை எல்லாம் வெட்டிக் குப்பையில போட்டேன். எழுத்து அவருக்கும் இப்ப ஓடல, எனக்கும் ஓடாது, எதுக்கு எடத்தை அடைச்சுகிட்டு?

தலையில அடிச்சுக்காதீங்க சார். மிச்சத்தைக் கேளுங்க.

எனக்கு எந்தப் படம் என்னன்னு தெரியாது. நானா ஒண்ணொண்ணுக்கும் ஒரு அர்த்தம் வச்சுகிட்டேன். புனல் மாதிரி ஒண்ணு, குறுக்கால ஒரு கோடு இருக்குல்ல? ஊத்தாதே, போதும்னு நெனச்சேன். ஒரு நாள் அத்தை பக்கத்துல உக்காந்து சொந்தக்காரங்க கதையெல்லாம் சொல்லிகிட்டு இருக்காங்க, இவரு அந்தப் படத்தைத் தொடுறாரு. நான் தண்ணி டம்ளரை எடுத்துட்டேன். மறுபடி தொடுறாரு, சொம்பையும் எடுத்துட்டேன். மூணாவது வாட்டி அட்டை கிழியுற மாதிரி தொட்டாரு. நான் காப்பியையும் கொண்டுபோய்க் கொட்டிட்டேன். ஹாரன் அடிக்காதேன்னு அர்த்தமாம்! எனக்கு யாரு சொன்னா?

ரெண்டு மேடு வரைஞ்சிருக்குமே, அதைத் தலகாணின்னு நெனச்சேன். நான் அவசர அவசரமா பரிமாறுனா அதைக் காட்டுவாரு. நான் ஓடிப்போய் ஒரு தலகாணி கொண்டாந்து வைப்பேன். ஒரு கட்டத்துல மனுஷன் கழுத்து வரைக்கும் தலகாணி. மெதுவா போன்னு சொல்லியிருக்காரு சார்.

வண்டிக்குப் பின்னாடி ரெண்டு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அதை மட்டும் பாப்பா தரையில ஒண்ணுக்குப் போயிட்டான்னு வச்சிருந்தேன். அவரும் அதுக்குத்தான் காட்டுனாரு. வழுக்கும், பார்த்து வான்னு. அது ஒண்ணுலதான் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துமை.

ஆனா எல்லாத்தையும் விட அதிகமா அவரு காட்டுனது ஒரே ஒரு படம். ஒரு ஆளு குனிஞ்சு நிக்கிறான். கையில நீட்டமா கரண்டி. முன்னாடி சோறு குவிஞ்சு கெடக்கு. காலையில எழுந்ததும் அதைத்தான் காட்டுவாரு. குளிச்சிட்டு வந்து அதைத்தான் காட்டுவாரு. சாயங்காலம் தெருவுல ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டா உடனே எடுத்து நீட்டுவாரு. பாவம், பசிக்குது போலன்னு நானும் போட்டுகிட்டே இருந்தேன். தட்டைத் தள்ளுனா கொழம்பு புடிக்கலன்னு மாத்திப் போட்டேன். ரெண்டரை மாசத்துல அஞ்சு கிலோ ஏறிட்டாரு. டாக்டரு என்னைத் திட்டுறாரு, அத்தை என்னை மெச்சிக்கிறாங்க. எங்க பாப்பாவுக்கு ரெண்டு வயசு, அவ கூட பசிச்சா அழறதை விட்டுட்டு அந்த ஆளைத் தொட ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் ஒரு நாள் டாக்டரு சீட்டைக் குடுக்க இங்க வந்தேன்ல? நீங்க போன்ல பேசிகிட்டு இருந்தீங்க. எங்க பார்க்கிறதுன்னு தெரியாம உங்க தலைக்கு மேல தொங்குதே, அந்தப் பெரிய அட்டையைப் பார்த்தேன். அதே ஆளு. அதே குவியலு. கீழ எழுத்து. நான் அஞ்சாவதோட நின்னவ சார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நீங்க போனை வைக்கிறதுக்குள்ள படிச்சு முடிச்சுட்டேன். ஆட்கள். வேலை. செய்கிறார்கள்.

அது கரண்டி இல்ல சார், மண்வெட்டி. சோறும் இல்ல, மண்ணு.

ரெண்டரை மாசமா அந்த மனுஷன் வேலைக்குப் போகணும், வேலைக்குப் போகணும்னு எங்கிட்ட சொல்லிகிட்டு இருந்திருக்காரு. நான் சோத்தைப் போட்டுகிட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு நான் அழறேன்னு நெனச்சு நீங்க ஃபேனைக் கூட்டி வச்சீங்க. அழல சார், சிரிச்சேன். சரி, ரெண்டும்தான்.

வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைக் காட்டி, அப்புறம் ரோட்டைக் காட்டுனேன். தன் நெத்தியில ஒண்ணு போட்டுகிட்டாரு. என் நெத்தியிலயும் மெதுவா ஒண்ணு. அன்னைலேர்ந்து எங்க வீட்டுல பாடம். தரை பூரா சாக்பீஸுல ரோடு. உப்பு டப்பா லாரி, தீப்பெட்டி காரு, பாப்பா போலீஸு. ஒரு அட்டையை நீட்டுவாரு, நான் தீப்பெட்டியை ஓட்டணும். தப்பா ஓட்டுனா உப்பு டப்பா வந்து இடிக்கும். அத்தை கூட கத்துகிட்டாங்க சார். அந்த ஹாரன் படத்தை அவங்களே வாங்கி வச்சுகிட்டு, இப்ப நான் வாயைத் திறந்தா என் மூஞ்சிக்கு நேரா காட்டுறாங்க.

சரிதான் சார், வீட்டுத் தரை வேற, ரோடு வேற. ஓடுற வண்டியில அட்டையைத் தேடி எடுக்குறதுக்குள்ள இடிச்சிடும், நியாயமான கேள்விதான். ஆனா அட்டை அவசரத்துக்கு இல்ல. அடுத்து என்ன செய்யணும்ங்கிறதுக்கு முன்கூட்டியே ஒரு அட்டை, கண்ணாடிக்குப் பக்கத்துல. அவசரத்துக்குக் கை இருக்கு. முன்னாடி பலகையில ஒரு தட்டு தட்டுனா மெதுவா. ரெண்டு தட்டு தட்டுனா நில்லு. அதுக்கும் நிக்கலைன்னா அவரு கால் கிட்டயும்தான் ஒரு பிரேக்கு இருக்கே, நீங்க வச்சதுதானே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமா?

போன வருஷம் எனக்கு ஸ்கூட்டர் சொல்லித் தர்றேன்னு கூட்டிகிட்டுப் போனாரு. சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடியே ஒரு அதட்டு. நான் ஸ்கூட்டரை அப்படியே கீழ போட்டுட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். அந்த பேங்க் மேடத்துக்காவது பஸ்ஸு கெடச்சுது.

அது இருக்கட்டும். அவரு முடியாம போனதுலேர்ந்து எங்க வாசல்லயே நின்னுச்சே ஸ்கூல் வண்டி, அதைக் கொண்டாந்து விடுங்கன்னு நேத்து சொல்லி அனுப்புனீங்கல்ல, கொண்டாந்தாச்சு. ஜன்னல் வழியா பாருங்க, மரத்தடியில. ஆமா, கோடு தாண்டாமதான் நிக்குது. இல்ல சார், அவரு ஓட்டல. அவரு பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருக்காரு, எப்பவும் போல. ஓட்டிகிட்டு வந்தது நான்.

ஐயோ, லைசென்ஸ் இருக்கு சார், பழகுற லைசென்ஸு. படம் காட்டிக் கேட்டாங்க, இருபதுக்கு இருபது சொன்னேன். ஆறு வாரமா தெனம் காலையில மைதானத்துல ஓட்டுனோம், அப்புறம் தெருவுல, அப்புறம் பெரிய ரோட்டுல. உங்களைக் கேக்காம வண்டியை எடுத்தது தப்புதான், திட்டிக்குங்க. ஆனா ஆறு வாரத்துல அவரு ஒரு வார்த்தை பேசல. நான் ஒரு நாள் கூட வண்டியை விட்டு இறங்கி ஓடல.

நாளைக்கு வர்றவருக்கு அப்புறமா போன் பண்ணிக்கலாம். முதல்ல நீங்க வந்து பின் சீட்டுல ஏறுங்க சார். பாலம் வரைக்கும் போய்த் திரும்பிடுவோம். அதுக்கு மேல உங்க இஷ்டம்.

ஒண்ணே ஒண்ணு சார். வண்டி ஓடுறப்போ நீங்க பேசக் கூடாது. யாராவது பேசுனா எனக்குக் கை உதறும்.